இரட்டையர் இருவரே

தமிழ் இலக்கணத்தில் இரட்டைக்கிளவி என்று ஒன்று உண்டு. ‘அருவி சலசலவென ஓடிற்று’, ‘தீ மளமளவெனப் பற்றிற்று’ என்னும் தொடர்களில் வரும் சலசல, மளமள என்பன இரட்டைக்கிளவிகள். இவற்றைப் பிரித்துச் ‘சல’ என்றும் ‘மள’ என்றும் தனியே நிறுத்தினால் கருதிய பொருள் கிடைப்பதில்லை. அடுக்குத்தொடரின் இயல்பு வேறு. ‘வருக வருக’ என்பதைப் பிரித்தாலும் ‘வருக’ என்னும் ஒரு சொல்லே பொருள் தந்து நிற்கும். ஆயினும் அங்கே இரண்டாவது சொல் முதற்சொல் கூறியதையே மீண்டும் கூறுகின்றது; புதியதொரு பொருளைத் தருவதில்லை.

ஒரே பேற்றில் ஒருங்கு பிறந்த இரட்டையரை உலகம் பெரும்பாலும் இவ்விரண்டனுள் ஒன்றாகவே கருதிவிடுகின்றது. ஒருவரை விட்டு மற்றவர் பிரிந்தால் இருவருமே குறைந்துபோவர் என எண்ணுவோர், அவர்களை இரட்டைக்கிளவியாகக் கொள்கின்றனர். ஒருவரைக் கண்டால் மற்றவரையும் கண்டதாகும் என எண்ணுவோர், அவர்களை அடுக்குத்தொடராகக் கொள்கின்றனர். இவ்விரண்டு எண்ணங்களும் பொருந்துவன தாமா? இதனைச் சற்றே ஆராய்வோம்.

இரட்டையர் இரு வகையினர். தாயின் கருப்பையில் இரண்டு கருமுட்டைகள் தனித்தனியே சூல்கொண்டு ஒருங்கே வளர்வதால் பிறப்போர் ஒரு வகையினர். இவர்கள் ஒரு வயிற்றில் வெவ்வேறு காலத்துப் பிறந்த உடன்பிறப்புகளைப் போன்றவர்களே; ஆணும் பெண்ணுமாகப் பிறத்தலும் உண்டு. சூல்கொண்ட ஒரே கருமுட்டை தொடக்க நாள்களிலேயே இரண்டாகப் பிரிந்து, இரண்டு குழந்தைகளாக வளர்வதால் பிறப்போர் மற்றொரு வகையினர். ஆயிரம் பேறுகளுள் ஏறத்தாழ 3 அல்லது 4 இவ்வகையைச் சார்ந்தவை. ஒரே வித்திலிருந்து தோன்றியமையால் இவர்கள் முகமும் நிறமும் குரலும் பெரிதும் ஒத்து, கண்டோர் மயங்குமாறு விளங்குவர். பெற்றோரும் ஒருவரை மற்றவராகக் கருதி அழைத்துவிடுதல் உண்டு.

இத்தகைய இரட்டையரிடத்தும் இயற்கை தனக்கே உரிய அடையாளத்தை இட்டுத்தான் அனுப்புகின்றது. அவர்களுடைய விரல்நுனிகளை உற்று நோக்குக. அங்குள்ள நுண்ணிய வரிகள் ஒருவருக்கு இருப்பதுபோல் மற்றவருக்கு இருப்பதில்லை. இவ்வரிகள் கருவின் மூன்றாம் திங்கள் தொடங்கிச் சில வாரங்களில் உருவாகின்றன. கருப்பையினுள் ஒவ்வொரு குழந்தையும் கிடக்கும் இடமும், விரல் வளரும் வேகமும், அதன்மேல் படும் அழுத்தமும் சிறிது வேறுபடுதலால் வரிகளும் வேறுபடுகின்றன. உலகத்தைக் காண்பதற்கு முன்னரே, ஒருவர் வேறு, மற்றவர் வேறு என்னும் உண்மை அவர்களுடைய விரல்களில் எழுதப்பட்டுவிடுகின்றது. இதனை இயற்கை மறப்பதில்லை; மனிதர்தாம் மறந்துவிடுகின்றனர்.

இரட்டைக் குழந்தைகள் பிறந்த இல்லத்தில் மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. ஓசை ஒத்த பெயர்களை இடுவர்; ஒரே துணியில் சட்டை தைத்து அணிவிப்பர்; காண வருவோர் வியந்து போற்றுவர். இவையெல்லாம் அன்பினால் செய்யப்படுவன என்பதில் ஐயமில்லை. ஆயினும் குழந்தைகள் வளர்ந்து பள்ளிக்குச் செல்லும் பருவத்தில் இவ்வன்பே சிறிது சுமையாகவும் மாறக்கூடும். நன்றாகக் கட்டுரை எழுதியவன் ஒருவனாக இருக்க, பாராட்டு மற்றவன் பெயரால் வந்து சேரும். குறும்பு செய்தவன் ஒருவனாக இருக்க, கண்டிப்பு மற்றவனுக்குக் கிடைக்கும். ஒருவன் கணக்கில் 90 மதிப்பெண் பெற்று, மற்றவன் 60 பெற்றால், ‘இருவரும் ஒரே நாளில் பிறந்தவர்கள்தாமே! அவனால் இயன்றது உன்னால் ஏன் இயலவில்லை?’ என்னும் வினா எழும். அவ்வினாவைக் கேட்கும் சிறுவனின் உள்ளத்தில் எழும் துன்பத்தைப் பிறர் எளிதில் அறியார். தன் உழைப்பு, தன் விருப்பம், தன் குறை ஆகிய எதுவும் தனக்கென்று நிற்காமல், எல்லாம் மற்றொருவனுடைய அளவுகோலால் அளக்கப்படுவதே அத்துன்பம்.

இந்நிலையில் இரட்டையர்க்கு இரண்டு பிழைகள் நேரக்கூடும். முதலாவது, தாம் ஒரு முழு மனிதர் என்பதை மறந்து, ஓர் இணையின் பாதி என்று மட்டுமே தம்மை எண்ணிக்கொள்ளுதல். இவ்வாறு எண்ணுபவர், மற்றவர் விரும்புவதையே தாமும் விரும்புவர். மற்றவர் பேசத் தாம் வாய் திறவாதிருப்பர். தமக்கென்று ஒரு முடிவு செய்ய வேண்டிய வேளை வந்தால் கலங்கி நிற்பர்.

இரண்டாவது பிழை இதற்கு நேர்மாறானது. மற்றவரிலிருந்து வேறுபட்டுத் தோன்ற வேண்டும் என்பதற்காகவே வேறுபடுதல் அது. அண்ணன் இசை பயின்றால், தனக்கும் இசையில் விருப்பம் இருப்பினும் தம்பி அதனை வெறுத்து ஒதுக்குவான். தங்கை படிப்பில் சிறந்தால், அக்காள் படிப்பையே கைவிடுவாள். இது தனித்தன்மை போலத் தோன்றினும் உண்மையில் தனித்தன்மை ஆகாது. ஒருவர் அடிச்சுவட்டைப் பின்பற்றி நடப்பவர் அவரால் நடத்தப்படுவது போலவே, அவர் செல்லும் திசைக்கு எதிர்த்திசையிலேயே செல்வேன் என்று புறப்படுபவரும் அவராலேயே நடத்தப்படுகின்றார். தன் உள்ளத்தை ஆராய்ந்து, தன் ஆற்றலை அறிந்து, தனக்குரிய கடமையைத் தேர்ந்துகொள்பவரே தனித்தன்மை உடையவர். அவருடைய வழி உடன்பிறந்தவரின் வழியோடு ஒன்றினும் ஒன்றும், வேறுபடினும் வேறுபடும்.

நம் பெருங்காப்பியங்களை இயற்றிய சான்றோர் இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தனர். இராமகாதையில் சுமித்திரையின் மக்களாகிய இலக்குவனும் சத்துருக்கனனும் இரட்டையர். ஒருங்கு பிறந்த இவ்விருவரும் ஒரே நிழலில் வாழ்ந்தாரல்லர். இலக்குவன் இராமனைத் தொடர்ந்து காடு சென்றான். சத்துருக்கனன் பரதனுக்குத் துணையாய் நாட்டில் நின்றான். இருவர் தொண்டும் சிறந்ததே. ஒருவர் தொண்டு மற்றவர் தொண்டின் படியன்று. பாரதத்தில் மாத்திரியின் மக்களாகிய நகுலனும் சகாதேவனும் இரட்டையர். பாண்டவர் விராடன் நகரில் மறைந்து வாழ்ந்த காலத்தில் நகுலன் குதிரைகளைப் பேணும் பணியை ஏற்றான். சகாதேவன் ஆநிரைகளைக் காக்கும் பணியை ஏற்றான். உருவில் ஒத்தவராயினும், அவரவர் அறிந்த கலைக்கேற்பப் பணியும் பிரிந்தது.

காப்பியத்தில் மட்டுமேயன்றி, அண்மைக் கால வரலாற்றிலும் இதற்குத் தக்க சான்று உண்டு. 1887ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14ஆம் நாள் கர்நூலில், ஆர்க்காடு என்னும் குடும்பப் பெயர் கொண்ட தமிழர் இல்லத்தில், ஆண்மக்கள் இருவர் இரட்டையராய்ப் பிறந்தனர். கர்நூல் அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. இந்நாளில் ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. மூத்தவர் இராமசாமி முதலியார். இளையவர் இலட்சுமணசாமி முதலியார். வேற்றுமை காண்டற்கு அரிய உருவ ஒற்றுமை உடையவராய் வளர்ந்த இவ்விருவரும் கர்நூலில் பள்ளிக்கல்வி கற்றுப் பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றனர்.

அதன்பின் வழி இரண்டாகப் பிரிந்தது. இராமசாமி சட்டம் பயின்று வழக்கறிஞரானார். நாவன்மை மிக்க அவரைப் பொதுவாழ்வு ஈர்த்தது. நீதிக்கட்சியின் தலைவர்களுள் ஒருவராய் விளங்கி, அக்கட்சியின் ‘ஜஸ்டிஸ்’ நாளிதழுக்கு ஆசிரியராகவும் இருந்தார். இரண்டாம் உலகப் போர் நிகழ்ந்தபோது, 1942ஆம் ஆண்டில், இலண்டனில் இயங்கிய போர் அமைச்சரவைக்கு இந்தியாவின் சார்பில் சென்றார். 1945ஆம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஐக்கிய நாடுகள் அமைப்பை உருவாக்கக் கூடிய மாநாட்டில் பங்குகொண்டார். மறு ஆண்டில் அவ்வமைப்பின் பொருளாதார சமூக மன்றம் முதன்முறையாகக் கூடியபோது, அதன் முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1946 முதல் 1949 வரை மைசூரின் திவானாகப் பணியாற்றினார். அப்பதவியை வகித்தோருள் இறுதியானவர் அவரே.

இலட்சுமணசாமி மருத்துவம் பயின்றார். தாயையும் சேயையும் காக்கும் மகப்பேற்று மருத்துவத்தைத் தமக்குரிய துறையாகத் தேர்ந்தெடுத்து, சென்னை எழும்பூர் அரசு மகப்பேற்று மருத்துவமனையில் தொண்டாற்றினார். 1938ஆம் ஆண்டில் அவர் இயற்றிய மகப்பேற்று மருத்துவ நூல், பின்வந்தோரால் திருத்தப்பெற்றுப் பல பதிப்புகள் கண்டு, மருத்துவ மாணவர் பல தலைமுறையினர்க்குப் பாடநூலாயிற்று. சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவரே. 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். 1952ஆம் ஆண்டில் நடுவணரசு அமைத்த இடைநிலைக் கல்வி ஆணைக்குழு அவர் தலைமையில் நாடெங்கும் உள்ள உயர்நிலைப் பள்ளிகளின் நிலையை ஆராய்ந்து, அடுத்த ஆண்டில் தன் அறிக்கையை வழங்கியது. மாணவரின் விருப்பமும் ஆற்றலும் பலவகைப்பட்டவை ஆதலின், எல்லார்க்கும் ஒரே வகைக் கல்வி பொருந்தாது. பலநோக்குப் பள்ளிகள் வேண்டும் என்பது அவ்வறிக்கையின் கருத்துகளுள் ஒன்று. மற்றொருவரோடு உருவம் ஒத்துப் பிறந்த ஒருவர் தலைமை தாங்கிய குழு இவ்வாறு கூறியது எண்ணி மகிழத்தக்கது.

இவ்விருவர் வாழ்விலும் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1946ஆம் ஆண்டில் இராமசாமி தலைமை தாங்கிய பொருளாதார சமூக மன்றத்தின் முதல் கூட்டத்தொடரிலேதான், உலக நாடுகளின் சுகாதார மாநாடு ஒன்றைக் கூட்டுவதென முடிவு செய்யப்பட்டது. அம்மாநாடு அவ்வாண்டிலேயே நியூயார்க்கில் கூடி, உலகச் சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சட்டத்தை வகுத்தது. 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் அந்நிறுவனம் நடைமுறைக்கு வந்தது. 1961ஆம் ஆண்டில் புது தில்லியில் அந்நிறுவனத்தின் 14ஆவது பேரவை கூடியபோது, அதற்குத் தலைமை தாங்கியவர் இலட்சுமணசாமி. தமையனார் தலைமை தாங்கிய அவை வித்திட்ட நிறுவனத்தின் பேரவைக்குத் தம்பியார் தலைவரானார். தமையனாரை அவ்விடத்திற்குக் கொண்டுசென்றது அரசியலறிவும் சொல்வன்மையும். தம்பியாரை அவ்விடத்திற்குக் கொண்டுசென்றது மருத்துவப் புலமை. வெவ்வேறு வாயில்களின் வழியே வந்து, உலக நலம் என்னும் ஒரே மன்றத்தில் இருவரும் தொண்டு செய்தனர். இலட்சுமணசாமி 1974ஆம் ஆண்டிலும், இராமசாமி 1976ஆம் ஆண்டிலும் மறைந்தனர்.

முற்கூறிய இலக்கணத்தையே மீண்டும் துணைக்கொண்டால், இத்தகைய இரட்டையரை உம்மைத்தொகைக்கு ஒப்பிடலாம். ‘கபிலபரணர்’ என்னும் தொகையில் ‘உம்’ என்னும் இடைச்சொல் மறைந்து நிற்கின்றது. கபிலரும் பரணரும் ஒரு சொற்போல இணைந்து தோன்றுகின்றனர். ஆயினும் கபிலர் பாட்டு வேறு, பரணர் பாட்டு வேறு. தொகையை விரித்தால் இரு புலவரும் தத்தம் பெயரோடும் புகழோடும் தனித்து விளங்குவர். இணைந்து நிற்பதனால் எவர் பெயரும் தேய்வதில்லை. தனித்து நிற்பதனால் அவர்தம் நட்பும் குறைவதில்லை.

இருவரும் வெவ்வேறு துறைகளில் ஈடுபட்டால் தனித்தன்மை தோன்றுதல் எளிது. ஒரே துறையை இருவரும் விரும்பினால் என் செய்வது என்னும் ஐயம் எழலாம். அதற்கு விடையாக அமைந்தது சுவிட்சர்லாந்து நாட்டு இரட்டையர் இருவரின் வாழ்வு. 1884ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28ஆம் நாள் பாசல் நகரில் பிறந்த ஆகுஸ்த் பிக்கார், ஜான் பிக்கார் என்போர் அவர்கள். உருவத்தால் ஒத்த இவ்விருவரும் சூரிச் நகரில் ஒரே தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்றனர். ஆகுஸ்த் இயந்திரப் பொறியியலையும், ஜான் வேதிப் பொறியியலையும் கற்றனர். ஆயினும் வானில் உயரப் பறக்க வேண்டும் என்னும் வேட்கை இருவர் உள்ளத்திலும் ஒன்றாகவே இருந்தது.

மிக உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைந்து, மனிதர் மூச்சுவிட்டு உயிர்வாழ இயலாத நிலை ஏற்படும். அதனை வெல்லும் பொருட்டு ஆகுஸ்த், காற்றுப் புகாது மூடிய அலுமினியக் கோளம் ஒன்றை அமைத்துப் பலூனில் தொங்கவிட்டார். 1931ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்து துணைவர் ஒருவருடன் அதனுள் அமர்ந்து, 15,781 மீட்டர் உயரம் சென்றார். வளிமண்டலத்தின் அடுக்குமண்டலத்தை முதன்முதல் அடைந்த மனிதர் அவ்விருவரே. பின்னர் அவர் தம் எண்ணத்தைக் கடலின்பால் திருப்பினார். காற்றினும் இலேசான வளி பலூனை மேலே ஏற்றுவது போல, நீரினும் இலேசான பெட்ரோல் நிரம்பிய மிதவையைக் கொண்டு ஆழ்கடலில் இறங்கி ஏறும் கலத்தை அமைத்தார். 1953ஆம் ஆண்டில் தம் மகனுடன் அத்தகைய கலம் ஒன்றில் மத்தியதரைக் கடலில் 3,150 மீட்டர் ஆழம் இறங்கினார்.

ஜான் அமெரிக்க நாட்டில் குடியேறினார். 1934ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் அவர் தம் துணைவியார் ஜானெட் அம்மையாருடன் அடுக்குமண்டலத்திற்குச் சென்றார். பலூனைச் செலுத்தியவர் அவ்வம்மையாரே. அவர்கள் அடைந்த உயரம் ஏறத்தாழ 17,550 மீட்டர். ஒரு பெரும் பலூனுக்கு மாறாகச் சிறு பலூன்கள் பலவற்றை ஒருங்கே கட்டிப் பறக்கலாகாதோ என்று எண்ணிய ஜான், 1937ஆம் ஆண்டில் ஏறத்தாழ நூறு சிறு பலூன்களைச் சேர்த்துக் கட்டிப் பறந்தார். அக்கலத்திற்கு அவர் கார்த்திகை விண்மீன் கூட்டத்தின் பெயரைச் சூட்டினார். மெல்லிய பிளாஸ்டிக் தாளால் பலூன் செய்யும் முறையை வளர்த்தோருள்ளும் அவர் ஒருவர். வேட்கை ஒன்றே, அதனை அடையக் கண்ட வழிகள் வேறு. ஒருவர் செய்ததை மற்றவர் அவ்வாறே செய்திருந்தால் உலகிற்குக் கிடைத்தது ஒருவர் உழைப்பின் பயனே ஆகியிருக்கும். இருவரும் தம் சொந்த அறிவைக் கொண்டு உழைத்தமையால் இருவர் உழைப்பின் பயனும் கிடைத்தது. ஆகுஸ்த் 1962ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் காலமானார். அடுத்து வந்த ஜனவரி 28ஆம் நாள், இருவர்க்கும் பொதுவாகிய அப்பிறந்தநாளிலேயே, ஜானும் காலமானார்.

இரட்டையர் தம் தனித்தன்மையைப் பேணிக்கொள்ளுதல் அவர்தம் கடமை. அதற்கு இடம் தருதல் பிறர் கடமை. ‘இரட்டையர் வந்தனர்’ என்று பொதுவாகச் சொல்வதினும், இருவர் பெயரையும் அறிந்து அழைத்தல் நன்று. யார் மூத்தவர், யார் இளையவர் என்று கேட்பதினும், இவர்க்கு விருப்பமானது யாது, அவர்க்கு விருப்பமானது யாது என்று கேட்டல் நன்று. ஒருவரைப் புகழும்போது மற்றவரைத் தாழ்த்தலாகாது. ஒருவரைத் திருத்தும்போது மற்றவரை எடுத்துக்காட்டலாகாது. சிலநாள் பழகினால் முகத்தின் சிறு குறியும், நடையும், பேச்சின் போக்கும் இருவரையும் பிரித்துக் காட்டும். அவ்வாறு பிரித்தறிய முயல்வதே அவர்களிடம் நாம் காட்டும் மதிப்பாகும்.

இது இரட்டையர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. புகழ்பெற்ற தந்தையின் மகனும், படிப்பில் சிறந்த அக்காளின் தங்கையும், திறன்மிக்க நண்பனுடன் ஒரே வகுப்பில் பயில்பவனும் இரட்டையரைப் போலவே நாள்தோறும் மற்றொருவரோடு ஒப்பிடப்படுகின்றனர். ஒப்பீட்டைக் கேட்டு உள்ளம் சோர்தலும் வேண்டா. ஒப்பிடப்பட்டவரிடம் பகைமை கொள்ளுதலும் வேண்டா. பிறப்பு நமக்கு உருவத்தையும் உறவையும் தருகின்றது; அவற்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எவர்க்கும் இல்லை. உழைப்பையும் ஒழுக்கத்தையும் நாமே தேடிக்கொள்கின்றோம். அவ்விரண்டாலும் வரும் பெயரே ஒருவர்க்குச் சொந்தமான பெயர். மாணவர் ஒவ்வொருவரும் அப்பெயரைத் தாமே ஈட்டி, தம்மோடு பிறந்தாரும் தம்மோடு பயில்வாரும் அவரவர்க்குரிய பெயரை ஈட்டுவதைக் கண்டு மகிழும் உள்ளம் பெறுவாராக.